அம்மாவுக்குக் கோடு எங்கே?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ‘செக்ரோல்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. கிராணியாரின் மேசையில் இருக்கும் பெரிய பேரேடு அது. ஆள் பெயர், வேலைக்கு வந்த நாள், பிடித்தம், கைக்கு வரும் சம்பளம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருக்கும். கட்டங்களை முதலில் பிரித்துவிட்டு, பிறகுதான் ஆட்களை எழுதுவார்கள். கட்டம் இல்லாத எதுவும் அந்தப் பேரேட்டில் ஏறாது.

இன்று நம் பெயர் ஏறியிருக்கும் பேரேடுகள் எல்லாம் கணினிக்குள் போய்விட்டன. வங்கி, மருத்துவமனை, பள்ளிக்கூடம், நான் வேலை பார்க்கும் வானொலியின் பாட்டுப் பட்டியல் என்று எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு தரவுத்தளம் உண்டு. அதில் என்னென்ன கட்டங்கள், எந்தப் பட்டியல் எதோடு சேருகிறது என்ற ஏற்பாட்டை ‘ஸ்கீமா’ என்கிறார்கள். சாதாரணமாக நம் கண்ணில் படாத ஏற்பாடு அது. அதைப் படமாகப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒரு கோயில் மண்டபத்தில் கிடைத்தது.

எங்கள் அம்மா பிறந்த தோட்டம் சுங்கைப் பட்டாணியிலிருந்து அதிக தூரமில்லை. லயங்களை இடித்துவிட்டார்கள், ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் இப்போது தாமான் வீடுகள். கோயில் மட்டும் மிஞ்சியது. பினாங்கு, கூலிம், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போனவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வருகிறார்கள். போன ஆண்டு கோயில் இளைஞர்கள் ஒரு பட்டியல் தயாரித்தார்கள். எந்த லயத்தில், எந்த வீட்டில் யார் இருந்தார்கள், அவர்களுடைய பிள்ளைகள் இப்போது எங்கே என்ற விவரம். பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்யும் வேலை, மைக் பிடித்துப் பழகியவள் என்பதால் எனக்கு வந்தது.

கூலிமில் மென்பொருள் வேலை பார்க்கும் ஒரு தம்பி, சேர்ந்த விவரங்களை எஸ்கியூலைட் என்ற இலவசத் தரவுத்தளத்தில் போட்டு வைத்திருந்தார். “இதுல என்னதான்யா இருக்கு? எங்களுக்கும் கொஞ்சம் காட்டு” என்றார்கள் குழுவின் பெரியவர்கள். திரையில் காட்டினால் எழுத்தும் எண்ணுமாக ஓடியது. படமாகக் காட்டலாம் என்றார் தம்பி.

இப்படிப் படம் போடும் வழக்கம் ஐம்பது ஆண்டு பழையது. 1970-இல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட், எவ்வளவு பெரிய தரவையும் ஒன்றோடொன்று தொடர்புள்ள அட்டவணைகளாக வைக்கலாம் என்று காட்டினார். 1976-இல் எம்.ஐ.டி.யில் இருந்த பீட்டர் சென், அந்தத் தொடர்புகளைப் பெட்டியும் கோடுமாக வரையும் முறையை வெளியிட்டார். பிறகு பரவிய ஒரு குறியீட்டுக்குப் பெயரே ‘காக்கைக் கால்’. கோட்டின் ஒரு முனை மூன்று விரலாகப் பிரிந்திருந்தால், அந்தப் பக்கம் பலர் இருக்கலாம் என்று பொருள். ஒரு வீட்டில் பலர் இருப்பார்கள். ஆகவே ஆள் இருக்கும் பக்கம் காக்கைக் கால். எங்கள் நிலையத்துப் பாட்டுப் பட்டியலில் இரண்டு பக்கமும் காக்கைக் கால்தான். ஒரு பாட்டை இரண்டு பேர் பாடியிருப்பார்கள், ஒரு பாடகர் நூற்றுக்கணக்கில் பாடியிருப்பார். அதற்காக நடுவே ‘யார் எதைப் பாடினார்’ என்று மூன்றாவது அட்டவணை ஒன்று வேண்டும்.

தம்பி படத்தைக் கையால் வரையவில்லை. இந்த வகைத் தரவுத்தளம் தன்னிடம் என்னென்ன அட்டவணைகள் உள்ளன, எது எதைச் சுட்டுகிறது என்ற குறிப்பைத் தானே வைத்திருக்கும். பைத்தான் மொழியில் ஒரு பக்கம்கூட வராத நிரல் அந்தக் குறிப்பைப் படித்து, ‘ஆள் -> குடும்பம்’, ‘குடும்பம் -> வீடு’ என்று வரிக்கு ஓர் உறவாக ஒரு கோப்பில் எழுதியது. அந்தக் கோப்பைக் கிராப்விஸ் என்ற இலவச மென்பொருளுக்குக் கொடுத்தார். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் உருவானது அது. எந்தப் பெட்டியை எங்கே வைத்தால் கோடுகள் குறைவாக வெட்டிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டு அதுவே வரைந்துவிடும். பெட்டிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருந்தார். தமிழ் எழுத்துருவைச் சொல்லிவிட்டால் அதுவும் சரியாக வருகிறது.

ஏன் இவ்வளவு சுற்று, பென்சிலால் வரைந்துவிடலாமே என்று கேட்டேன். “கையால வரஞ்சா, இருக்கணும்னு நினைக்கிறத வரஞ்சிடுவோம்க்கா. இது உள்ள இருக்கிறத மட்டும்தான் காட்டும்” என்றார். அதன் அர்த்தம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை புரிந்தது.

சுங்கைப் பட்டாணி டவுனில் ஒரு நகல் கடையில் ஏ3 தாளில் அச்செடுத்து, மண்டபத்து மேசையில் விரித்தோம். கிராணியாரின் பேரேட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது ஒன்றும் புரியாத படமாக இல்லை. ‘வீடு’, ‘குடும்பம்’, ‘ஆள்’ என்று விரலால் தொட்டுப் படித்தார்கள். ‘ஆள்’ பெட்டியிலிருந்து கிளம்பி அதே பெட்டிக்குத் திரும்பும் ஒரு வளையம் இருந்தது. எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி அதைக் காட்டி என்னவென்று கேட்டார். பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கல்யாணமாகி வந்து, முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர் அவர்.

“அது அப்பாவுக்குப் போற கோடு பாட்டி. யாருக்கு யாரு அப்பான்னு காட்டும்.”

“அம்மாவுக்குக் கோடு எங்கய்யா?”

கோடு இல்லை. குடும்பத்துக்கு ஒரு தலைவர், பிள்ளைக்கு ஓர் அப்பா, அவ்வளவுதான். மனைவியின் பெயர் ‘குறிப்பு’ என்ற கடைசிக் கட்டத்தில் ஒரு சொல்லாகக் கிடந்தது. பிள்ளைகளை அதிலிருந்து தேடிப் பிடிக்க வழியில்லை.

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. நம் பெயருக்குப் பின்னால் ஏ/எல், ஏ/பி என்று அப்பா பெயரை எழுதியே பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் தரவுத்தளத்துக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. ஆனால் ஒன்றை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. மலாயாவில் 1920களின் பிற்பகுதியில் அரசு நிர்ணயித்த தினக்கூலி, சில பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. துரைமார் காலத்துச் செக்ரோல் அவளுக்குக் குறைத்துத்தான் கொடுத்தது. ஆனாலும் வேலைக்கு வந்தவள் என்று அவள் பெயரைத் தனியாக எழுதியது. அவளுடைய பேரப்பிள்ளைகளின் பட்டியலில் அவள் ஒரு குறிப்பு.

அன்றைக்கே தம்பி மாற்ற ஆரம்பித்தார். ‘அம்மா’ என்று இரண்டாவது வளையம். பெண்கள் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார்கள் என்பதற்கு ஓர் அட்டவணை. பால் வெட்டு, வெளிக்காடு, ஆயாக் கொட்டகை என்று யார் என்ன வேலை செய்தார் என்பதற்கு இன்னொன்று. “என்னைப் பெத்தவங்க வேற, வளர்த்தது பெரியம்மா. அதுக்கு என்ன செய்வ?” என்று ஒரு மாமா கேட்டார். ‘வளர்த்தவர்’ என்று மூன்றாவது வளையம் வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே நிரலை ஓட்டினால் சில விநாடிகளில் புதுப் படம்.

ஒன்றை எடுக்கவும் செய்தோம். ‘ஆள்’ பெட்டிக்குள் அடையாள அட்டை எண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தது. அந்த 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த மாநிலம், கெடாவுக்கு 02. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். கோயில் பட்டியலுக்கு இது எதற்கு? எத்தனை பேர் கைக்குப் போகும்? படத்தில் பார்த்ததும் பெரியவர்களே எடுத்துவிடச் சொன்னார்கள்.

கோடு வந்துவிட்டது. ஆனால் கோட்டின் மறுமுனையில் எழுதப் பெயர் வேண்டுமே! பட்டியலில் இருந்த முக்கால்வாசிப் பேருக்கு ‘அம்மா’ கட்டம் காலி. சொந்தப் பேரப்பிள்ளைகளுக்கே, ‘பாட்டி’ என்று கூப்பிட்டவரின் பெயர் தெரியவில்லை. சிலருக்குத் தெரிந்தது தோட்டத்துப் பட்டப்பெயர் மட்டும். இதெல்லாம் தெரிந்தவர்கள் எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். எந்த நிரலும் இந்தக் கட்டத்தை நிரப்பாது. யாராவது போய்க் கேட்க வேண்டும்.

உங்கள் குடும்பத்துக்கும் இதைச் செய்து பார்க்கலாம். கணினிகூட வேண்டாம், ஒரு வெள்ளைத் தாள் போதும். உங்களிடமிருந்து அம்மாவுக்கு ஒரு கோடு, அம்மாவிடமிருந்து அவருடைய அம்மாவுக்கு ஒரு கோடு என்று போட்டுக்கொண்டே போங்கள். பெயர் தெரியாமல் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். அங்கிருந்து மேலே சொல்லக்கூடியவர் இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே போய்க் கேளுங்கள்.

நான் அந்தப் பாட்டியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் லயம் லயமாக, வீடு வீடாகத்தான் சொல்லுவார். நடுவில் தாண்டச் சொன்னால் கோபம் வரும். மூன்றாம் லயத்தில் நான்காவது வீடு வரை முடிந்திருக்கிறது. வருகிற ஞாயிறு ஐந்தாவது வீடு.