கண்ணுக்கு நேரே

டி.வி.யைச் சுவரில் மாட்டுவது என்ன பெரிய வித்தையா? போன ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்த தெம்பில் அப்படித்தான் நினைத்தேன். மாட்டித் தர வேண்டிய கடைப் பையன் 4 நாளாக, ‘கிளம்பிட்டேன் சார்’ என்று போனிலேயே வந்துகொண்டிருந்தான். டிரில்லிங் மெஷின் எதிர் வீட்டு இரவல்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே துளை போடக் கூடாது, உள்ளே வயர் ஓடும். ஸ்க்ரூ பூச்சைத் தாண்டி செங்கல்லைப் பிடிக்கணும். இதெல்லாம் எனக்கும் தெரியும் சார். கம்பீரமாக 6 அடி உயரத்தில் பென்சில் கோடு போட்டேன்.

ஈஸிசேரிலிருந்து அப்பா கேட்டார். "அண்ணாந்து பார்க்க அதென்னடா, கோபுரமா?"

நியாயம்தான். திரையின் நடு, உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு நேரே வர வேண்டும். டேப் பிடித்தேன். தரையிலிருந்து அப்பா கண் வரை 40 அங்குலம். அதே உயரத்தைச் சுவரில் அளந்தேன்.

அங்கே ஏற்கெனவே அம்மா இருந்தாள், படமாக. 3 வருஷத்துக்கு முன்னால், "கொஞ்சம் கீழேயே மாட்டுடா" என்று அப்பா சொன்ன இடம். ஏன் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

மெஷினைக் கீழே வைத்துவிட்டேன். அப்பாவே எழுந்து வந்து படத்தைக் கழற்றி, தோள் துண்டால் துடைத்தார்.

"எதிர்ச் சுவர்ல மாட்டு. அவளும் டி.வி. பார்க்கட்டும்."

சாயங்காலம் புது டி.வி.யில் கிரிக்கெட். சரியாக 8 மணிக்கு அப்பா ரிமோட்டை எடுத்து அம்மாவின் சீரியலுக்கு மாற்றினார்.

6 பந்தில் 12 ரன் வேண்டும். நான் வாயே திறக்கவில்லை.