உப்புக் காற்றில் ஒரு பழைய மாருதி

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அதன் உரிமையாளரிடம் வழங்கினார். நடுத்தரக் குடும்பத்துக்கும் கார் எட்டும் என்ற நம்பிக்கையை நாட்டுக்குத் தந்த வண்டி அது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றுபோனது. ஆயினும் எங்கள் இராஜாக்கமங்கலம் பகுதியில், தென்னந்தோப்புகளின் நிழலிலும் ஓலைக் கொட்டகைகளிலும் அதை இன்றும் காணலாம். புதிய கார் வாங்க இயலாதவர்களின் வண்டி என்று சிலர் எண்ணலாம். எண்ணிவிட்டுப் போகட்டும்.

எங்கள் வீட்டில் நிற்பது 1998-ஆம் ஆண்டு வண்டி. 2011-இல் 65,000 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கும்முன் எஞ்சினைக் கேட்டுப் பார்த்ததை விட, கால்மிதியைத் தூக்கித் தரையைப் பார்த்ததே நெடுநேரம். கையோடு ஒரு சிறு காந்தத்தையும் கொண்டு போயிருந்தேன். கதவின் கீழ்விளிம்பில் காந்தம் ஒட்டாவிட்டால், அங்கே தகடு இல்லை, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்பது பொருள். அதற்கு முன் பார்த்த ஒரு வண்டியின் அடிப்பகுதி முழுவதும் புத்தம் புதிய கறுப்புப் பூச்சால் மினுமினுத்தது. துருவின்மேல் பூசிய பூச்சு ஈரத்தை உள்ளேயே சிறைவைத்து, அரிப்பை மறைவாக வளர்க்கும். அதனால் அந்த வண்டியை வேண்டாமென்று திரும்பினேன்.

கடற்கரையில் வாழும் நாம் அறிந்துகொள்ள வேண்டியது இதுதான்: இங்கே பழைய காரின் முதல் எதிரி தேய்மானம் அன்று, உப்பு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. மழையற்ற நாளிலும் தகட்டின்மேல் படிந்த உப்பு அதை நனைத்தே வைத்திருக்கும். அந்த உப்புநீர் இரும்பின் அரிப்பை விரைவுபடுத்துகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் பெயிண்ட் கொப்புளித்து எழும்புகிறது. வெளியே நாம் காணும் கொப்புளம், உள்ளே நெடுநாளாக நடந்துவரும் அரிப்பின் கடைசி அடையாளமே. போதாக்குறைக்கு நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கதவின் அடியில் நீர் வடிவதற்கென்று விட்டிருக்கும் சிறு துளைகள் மணலும் சருகும் அடைத்துக்கொண்டால், கதவே ஒரு தண்ணீர்த் தொட்டியாகிவிடும். ஒரு ஈர்க்குச்சியால் மாதம் ஒருமுறை அவற்றைக் குத்திவிடுவது செலவில்லாத வைத்தியம்.

ரேடியேட்டரின் கதையும் இதற்கு உறவுடையதே. குளிர்விப்புத் திரவத்துக்குப் பதிலாக உப்புக் கிணற்று நீரை ஊற்றுவோர் இங்கே பலர். ரேடியேட்டர் அரித்து ஒழுகும், எஞ்சின் சூடேறும், அலுமினியத்தாலான அதன் தலைப்பகுதி வளையும், ஹெட் கேஸ்கட் போய்விடும். சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தப் போய், சில ஆயிரங்களில் முடியும் கணக்கு அது.

செலவுக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். 2024-ஆம் ஆண்டின் பக்கம் இப்படி இருக்கிறது: ரேடியேட்டர் 3,200, கிளட்ச் பிளேட்டும் அதைச் சார்ந்தவையும் கூலியோடு 4,800, பின்சக்கரங்களின் வீல் சிலிண்டரும் பிரேக் ஷூவும் 2,600, பேட்டரி 3,400, இரண்டு டயர்கள் 5,200. ஆக 19,200 ரூபாய். வண்டியை விற்றால் நாற்பதாயிரம் கிடைத்தால் பெரிது. “இதற்கா இவ்வளவு?” என்று கேட்காத உறவினர் இல்லை.

அவர்களுக்கு நான் காட்டுவது மறுபக்கத்தை. என் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு, வாரம் இருமுறை ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்கிறோம். ஆட்டோவில் காத்திருப்போடு போய்வர 500 ரூபாய். மாதம் எட்டு முறைக்கு 4,000. காருக்குப் பெட்ரோல் ஒருமுறைக்கு 150 வீதம் 1,200. ஆண்டுக்கு 33,600 மிச்சம். அதில் காப்பீட்டுக்கு ஏறத்தாழ 2,500 போகும். பழுதுச் செலவையும் கழித்தால் எஞ்சுவது சொற்பம்தான், ஆனாலும் எஞ்சுகிறது. சிகிச்சை முடிந்து சோர்ந்து வருபவர் பின் இருக்கையில் காலை மடக்கிப் படுத்து வருவதற்கு நோட்டில் தனியே ஒரு வரி கிடையாது.

2023-இல்தான் உண்மையான சோதனை வந்தது. பதிவைப் புதுப்பிக்க வேண்டிய ஆண்டு அது. முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆகியிருந்தது. அதே வேளையில் எஞ்சின் சற்றே புகை கக்கியது. ஓட்டுநர் இருக்கையின் முன்னால் தரையும் இற்றிருந்தது. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லை. மெக்கானிக் தயங்காமல் சொன்னார்: “எஞ்சின் இன்னும் கொஞ்ச காலம் ஓடும் சார். ஆனா அது இருக்கதுக்குப் பெட்டி வேணும்லா?” புகையை விட்டுவிட்டு, 14,000 ரூபாய் கொடுத்துத் தரையை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தோம். எண்ணெயை மட்டும் அடிக்கடி பார்த்து ஊற்றி வருகிறேன். காற்றுப் பையோ நவீன பாதுகாப்புக் கருவிகளோ இல்லாத வண்டியில், நம்மைக் காப்பது அந்த மெல்லிய தகடும் பிரேக்கும் மட்டுமே. பெயிண்டுக்கும் சீட் உறைக்கும் செலவிடுவோர் அந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது.

அடுத்த புதுப்பித்தல் 2028-இல். இருபது ஆண்டைத் தாண்டிய கார்களுக்குக் கட்டணம் 10,000 என்று 2025 ஆகஸ்டில் அறிவித்துவிட்டார்கள். அதைக் கூடக் கட்டிவிடலாம். முன்சக்கரங்களைத் தாங்கும் தூண்கள் பொருந்தும் இடத்தை அரிப்பு எட்டிவிட்டால் மட்டும் ஒரு ரூபாயும் செலவிட மாட்டேன் என்று மெக்கானிக்கிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அவர் பானெட்டைத் தூக்கி, அந்த இடத்தை ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பார்க்கிறார். சென்ற முறை ஓசை கெட்டியாகவே கேட்டது.