மேசையில் இருந்த மைக்

போன வருசக் கடைசியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு வேலை தொடங்கினோம். எங்கட வீடுகளில் இருக்கிற அம்மம்மா, அப்பப்பாமாரைக் கதைக்க விட்டு, அதை ஒலிப்பதிவு செய்து வைக்கிறது. அதுக்கான சின்ன மென்பொருளையும் நாங்களே ஜாவாவில் எழுதினோம். குரலோடு பெயர், ஊர், திகதி எல்லாம் ஒரே இடத்தில் சேர வேணும் என்பது ஒரு காரணம். கம்பஸில் படித்த ஜாவாவை எங்கேயாவது பாவித்துப் பார்க்கிற ஆசை மற்றக் காரணம்.

காசு சேர்த்து ஒரு யூ.எஸ்.பி மைக்கும் வாங்கினோம். ஆனால் லப்டொப்புக்குள் ஏற்கனவே ஒரு மைக் இருக்குதே. ஜாவாவிடம் 'பதிவு செய்ய ஒரு வழி தா' என்று மட்டும் கேட்டால், அது எதைத் தரும்?

இதைத் தீர்மானிக்க ஜாவாவில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு இருக்கிறது: சவுண்ட் டொட் புரொப்பர்ட்டீஸ். ஜாவா 8 வரைக்கும் அது 'லிப்' என்ற கோப்புறைக்குள் இருந்தது, 9இல் இருந்து 'கொன்ஃப்' கோப்புறைக்குள் இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி எழுதலாம். வரியில் முதலில் வழங்குநரின் பெயர், பிறகு ஹாஷ் குறி, பிறகு கருவியின் பெயர். இரண்டில் ஒன்றை மட்டும் எழுதினாலும் போதும்.

ஒலிக்கான வரிகளில் 'சோர்ஸ் டேட்டா லைன்', 'டார்கெட் டேட்டா லைன்' என்பவையும் இருக்கு. சோர்ஸ் என்றால் மூலம், குரல் வருகிற மூலம் மைக் தானே என்று நினைத்து, சோர்ஸ் வரியில் எங்கட மைக்கின் பெயரை எழுதினோம். சேமித்து, ஓட விட்டு, 'ஹலோ, ஹலோ' சொன்னோம். கேட்டது. சரி என்று மூடி வைத்தோம்.

அடுத்த நாள் எங்களில் ஒருத்தியின் அம்மம்மா இரண்டு மணித்தியாலம் கதைத்தா. கடைசியில், நாங்கள் கேட்காமலே, தன்ர தம்பி செத்த அன்று பாடின ஒப்பாரியைப் பாடினா. அவவின் மகளே அதை முன்னம் கேட்டதில்லையாம். மைக் அவவின் முகத்துக்கு நேரே இருந்தது. லப்டொப் மின்விசிறிக்குக் கீழே, எங்கட மடியில்.

இரவு போட்டுக் கேட்டோம். மின்விசிறி. நாங்கள் குறிப்பு எடுக்கத் தட்டின கீபோர்ட். அதுக்கும் பின்னால், எங்கேயோ தூரத்தில், அம்மம்மா.

தேடினதில்தான் விளங்கிச்சு. ஜாவா இந்தப் பெயர்களை எங்கட பக்கத்தில் இருந்து வைக்கவில்லை, மிக்ஸரின் பக்கத்தில் இருந்து வைத்திருக்கு. மிக்ஸருக்கு ஒலியைக் கொடுக்கிறது சோர்ஸ், அது ஸ்பீக்கருக்குப் போகிற வழி. மிக்ஸரிடம் இருந்து வாங்குகிறது டார்கெட், பதிவு அதால்தான் நடக்கும். நாங்கள் ஸ்பீக்கர் வரியில் மைக்கின் பெயரை எழுதியிருக்கிறோம். அப்படி ஒரு ஸ்பீக்கர் இல்லை என்று ஜாவா சொல்லவே இல்லை. அந்த வரியைப் பேசாமல் தாண்டிப் போய், பதிவுக்கு வழமையான மைக்கையே எடுத்துக் கொண்டது. சோதித்த நேரம் நாங்கள் லப்டொப்புக்குக் கிட்ட இருந்தபடியால் பிழை தெரியவும் இல்லை.

விடிய அம்மம்மாவிட்டப் போய், இன்னொருக்காப் பாடச் சொல்லிக் கேட்டோம்.

"அது கேட்ட உடன வாறதில்ல பிள்ளையள்" என்றா. நாங்கள் பிறகு வற்புறுத்தவில்லை.

கோபம் முதலில் ஜாவாவில்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால், அந்த விட்டுக்கொடுப்பு ஒரு கேமுக்கோ பாட்டுப் போடுகிற செயலிக்கோ நல்லது. எழுதி வைத்த ஹெட்போன் இல்லாட்டியும் தொடங்கும். ஆனால் ஒருக்கா மட்டும் நடக்கிற ஒன்றைப் பதிகிற நேரம், 'இது இல்லாட்டி வேற ஒன்று' என்பது உதவி இல்லை. 'இது இல்லாட்டி நில்' என்றுதான் இருக்க வேணும்.

அதனால் அந்தக் கோப்பை நம்புகிறதை விட்டோம். இப்ப எங்கட மென்பொருள் முதலில் இருக்கிற கருவிகள் எல்லாவற்றையும் பட்டியல் போடும். அதில் எங்கட மைக்கைத் தேடி, அதைச் சொல்லித்தான் வழி கேட்கும். அது இல்லையென்றால் பதிவு தொடங்காது. தேடுகிறபோது முழுப் பெயரையும் பார்க்கிறதில்லை. லினக்ஸில் பெயரின் கடைசியில் அட்டை எண்ணும் வரும், மைக்கைக் கழற்றிப் பூட்டினால் அந்த எண் சிலவேளை மாறும்.

ஒப்பாரியை அப்படியே வைத்திருக்கிறோம். மின்விசிறிச் சத்தத்தைக் குறைத்துப் பார்த்தோம், குரலும் சேர்ந்து தேய்ந்தது. அதனால் மூலக் கோப்பில் கை வைக்கவில்லை.

நீங்களும் வீட்டில் ஆரையும் பதியப் போறீங்கள் என்றால், 'ஹலோ' சொல்லிச் சோதிக்காதீங்கோ, அது எந்த மைக்கிலும் கேட்கும். பதிவைத் தொடங்கி, உங்கட மைக்கை நகத்தால் மெதுவாச் சுரண்டுங்கோ. பிறகு போட்டுக் கேளுங்கோ. காதுக்குப் பக்கத்தில் கரகர என்று கேட்டால் மட்டும் அம்மம்மாவைக் கூப்பிடுங்கோ.