சோப்பு நுரை சொன்ன சேதி

கள்ளக்குறிச்சியில் சித்திரை வெயிலைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டால், மேற்கே தெரியும் கல்வராயன் மலையைக் காட்டி, "அங்கே ஏறிவிடுங்களேன்!" என்பார்கள். ஏற முடியாதவர்கள், என் அக்காவைப் போல, ஏர்கண்டிஷன் மெஷினை நம்பியிருக்கிறார்கள்.

கோடை விடுமுறைக்கு நான் போய் இறங்கிய அன்று, அந்த மெஷின் அனல்காற்றை ஊதிக்கொண்டிருந்தது.

"ஒரு வருஷத்திலே ரெண்டு தடவை காஸ் போட்டாச்சுடி! எங்கேதான் போகுதோ?" என்று அலுத்துக்கொண்டாள் அக்கா.

இந்தத் தடவை வந்தவர் வயதான மெக்கானிக். "காஸ் தானாகத் தீராதும்மா. குறையுதுன்னா எங்கேயோ கசியுது. அதைக் கண்டுபிடிக்காம காஸ் போடறது ஓட்டைக் குடத்திலே தண்ணி ஊத்தற கதைதான். நாளைக்குக் காலையிலே நைட்ரஜன் ஸிலிண்டரோட வரேன்" என்றார்.

நாளைக்கா? இன்னும் ஓர் இரவு இந்தப் புழுக்கத்திலா? எனக்குப் பொறுக்கவில்லை. எதிரே வெல்டிங் பட்டறை. அக்கா பையனை ஓட்டினேன். ஐந்தே நிமிஷத்தில் கறுப்பு ஸிலிண்டர் ஒன்று தள்ளுவண்டியில் வாசலுக்கு வந்துவிட்டது. "காற்றுதானே அண்ணே வேணும்? இதை வச்சு அடிச்சுப் பாருங்களேன்" என்றேன், பெரிய சாமர்த்தியசாலி போல.

அவர் முகம் மாறிவிட்டது. பதில் சொல்லாமல் இடது கையை நீட்டினார். இரண்டு விரல்கள் இல்லை.

"இது ஆக்ஸிஜன், தங்கச்சி. கம்ப்ரஸருக்குள்ளே எண்ணெய் இருக்கு. அழுத்தத்திலே ஆக்ஸிஜனும் எண்ணெயும் சேர்ந்தா வெடிக்கும். நெருப்புக்குச்சிகூட வேண்டாம். வேலை கத்துக்கிற வயசிலே, நானும் இன்னொரு பையனும் இதேதான் செஞ்சோம். எனக்கு ரெண்டு விரல் போச்சு. அவனுக்கு உசிரே போச்சு."

தள்ளுவண்டி சத்தமில்லாமல் திரும்பிப் போயிற்று. அன்றிரவு எனக்குத் தூக்கம் வராததற்குப் புழுக்கம் காரணமல்ல.

மறுநாள் சாம்பல் நிற உடம்பும் கறுப்புக் கழுத்துமாக நைட்ரஜன் ஸிலிண்டர் வந்தது. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் இந்த நைட்ரஜன்தான். எரியாது, எரியவும் விடாது. ஆனால் சாதுவென்று நினைத்துவிடாதீர்கள். கார் டயரில் சுமார் 30 பவுண்டு அழுத்தம் என்றால், நிறைந்த ஸிலிண்டரில் 2,000 பவுண்டுக்கும் மேல்! அதை அப்படியே திறந்துவிட்டால் குழாய் கிழியும். ஆகவே ரெகுலேட்டர் இல்லாமல் அவர் ஸிலிண்டரைத் தொடுவதேயில்லை. மூடிய அறையில் நைட்ரஜன் நிறைந்தால் மூச்சு முட்டும் என்று ஜன்னல்களையும் திறக்கச் சொன்னார்.

மெஷினில் மிச்சமிருந்த காஸைத் தனி ஸிலிண்டரில் பிடித்துக்கொண்டார். பிறகு எங்களை வெளியே அனுப்பிவிட்டு, தாம் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றினார். மெஷினில் ஒட்டியிருந்த தகட்டில் கம்பெனி அச்சிட்டிருந்த எல்லையை முள் தாண்டவில்லை. அப்புறம் குழாயின் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினார். வெளியே இருந்த பெட்டியின் அருகே, ஓர் இணைப்பில், அரிசிமணி அளவுக்குக் குமிழிகள் கிளம்பின. இரண்டு தடவை காஸை விழுங்கிய திருடன் அகப்பட்டுக்கொண்டான்!

உடனே முடுக்கவில்லை அவர். அழுத்தம் முழுவதையும் வெளியேற்றிவிட்டுத்தான் ஸ்பானரை எடுத்தார். மறுபடி சோதித்து, முள் இறங்குகிறதா என்று பொறுமையாகப் பார்த்து, பம்பு வைத்து உள்ளே வெற்றிடமாக்கி, அதன் பிறகே காஸ் போட்டார்.

1920களில் பெர்லினில், குளிர்பதனப் பெட்டியிலிருந்து கசிந்த நச்சு வாயுவால் ஒரு குடும்பமே மாண்ட செய்தியைப் படித்துக் கலங்கிய ஐன்ஸ்டைன், ஸிலார்டு என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து, கசியாத பெட்டி ஒன்றை உருவாக்க முனைந்தாராம். அந்தப் பழைய வாயுக்கள் போய்விட்டன. ஆனால் இப்போது பல மெஷின்களில் உள்ள ஆர்-32 போன்ற வாயுக்கள் தீப்பற்றக் கூடியவை. கசிவு இன்றும் விளையாட்டல்ல.

ஆகவே சகோதரிகளே, மெக்கானிக் வந்தால் காப்பி கொடுக்கும்போதே இரண்டு கேள்வியும் கேளுங்கள்: "நைட்ரஜன்தானே? ரெகுலேட்டர் இருக்கிறதா?" அவர் நாளைக்கு வருகிறேன் என்றால் முணுமுணுக்காதீர்கள். ஓர் இரவு விசிறியால் விசிறிக்கொள்வதில் குறைந்துவிட மாட்டோம். அந்தக் கையைப் பார்த்தவள் சொல்கிறேன்.