தேரி மண்ணில் தக்காளி

வள்ளியூரிலிருந்து இராதாபுரம், திசையன்விளை வழியாகக் கிழக்கே கடலை நோக்கிச் செல்பவர்கள், ஓரிடத்தில் மண்ணின் நிறம் மாறுவதைக் காண்பர். அதுவரை உடன் வந்த மங்கிய செம்மண்ணும் உடைமரக் காடும் பின்தங்கிவிட, காவி உடுத்தியது போன்ற மணற்குன்றுகள் எதிர்ப்படும். அவற்றின்மேல் வரிசையற்று நிற்கும் பனைகள், ஆங்காங்கே முந்திரி, பள்ளங்களில் மழைக்காலத்தில் மட்டும் நீர் தேங்கும் தருவைகள். தேரி என்பது இந்நிலத்தின் பெயர். திருச்செந்தூரை அடுத்த குதிரைமொழித் தேரியைப் பலரும் கேள்விப்பட்டிருப்பர். 1841-ஆம் ஆண்டில் கால்டுவெல் வந்து குடியேறிய இடையன்குடியும் இத்தேரிநாட்டைச் சேர்ந்ததே.

இம்மணலைக் கொண்டுவந்து குவித்தது காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே புகுந்து ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் ஓயாது வீசும் மேல்காற்று, மண்ணின் நுண்துகள்களை வாரிக்கொண்டு வந்து கடலோரத்தில் குன்றுகளாக்கிற்று. மணலின் ஒவ்வொரு துகள்மேலும் இரும்புத் துரு படிந்திருப்பதால் இந்நிறம். ஒரு குடம் நீரை ஊற்றினால் ஊற்றிய கையை எடுப்பதற்குள் நீர் மறைந்துவிடும். மட்கிய இலைதழை இதில் தங்குவது அரிது. ஆனால் ஆழத்தில் மழைநீர் கெடாமல் நிற்கும். கடலுக்கு இவ்வளவு அருகில் இத்துணைச் சுவையான கிணற்று நீர் கிடைப்பது நமக்கு முதலில் வியப்பாகவே இருந்தது.

2022-ஆம் ஆண்டு மே மாதம் நாம் இங்கு மாற்றலாகி வந்தோம். அதற்கு முன் நாம் இருந்த ஊர் மகேந்திரகிரியின் அடிவாரத்தில், கெட்டியான செம்மண்ணில் அமைந்தது. அங்கே இல்லத்தின் கொல்லையில், சமையற்காரர் குப்பையோடு எறிந்த அழுகிய பழத்திலிருந்தே தக்காளி முளைத்துக் காய்த்தது. ஆகவே தக்காளி வளர்ப்பதில் நமக்குத் திறமை உண்டு என்ற எண்ணம் நம்மிடம் எப்படியோ புகுந்திருந்தது. புதிய இல்லத்தின் பின்னே ஐந்து சென்ட் நிலம் வெறுமையாகக் கிடப்பதைக் கண்டதும், ஜூன் மாதமே நாற்று நட்டோம்.

‘சாமி, காத்து முடியட்டும், இப்ப வச்சா செடி நிக்காது’ என்றார் கொல்லைக்கு அடுத்த வீட்டு மூதாட்டி. நாம் புன்னகை செய்துவிட்டு நட்டோம். பதினைந்து நாளில் மேல்காற்று வந்தது. மணல் பறந்து இலைகளில் ஊசிபோல் தைத்தது. தண்டுகள் சாய்ந்தன, சாய்ந்தவற்றைத் தூக்கிக் கட்டினால் கட்டிய இடத்தில் ஒடிந்தன. தப்பிய ஆறு செடிகள் பூத்தன, பூத்ததெல்லாம் உதிர்ந்தது. ஒரு பிஞ்சுகூடத் தங்கவில்லை.

காரணத்தைப் பின்னர் கற்றறிந்தோம். தக்காளியின் முன்னோர் தென்னமெரிக்காவில் ஆண்டீஸ் மலைச்சாரலை ஒட்டிய நிலங்களில் வளர்ந்த காட்டுச்செடிகள். பகலில் வெயில், இரவில் குளிர்ச்சி என்பது அவற்றின் பிறவிப் பழக்கம். பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டினாலும், இரவு வெப்பம் 24 பாகைக்குக் கீழே இறங்காவிட்டாலும் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிரத் தொடங்கும். இக்கடற்கரையில் ஆடி மாத நள்ளிரவில்கூட விசிறியின்றி உறங்க இயலாது. நமக்கே இயலாதபோது செடியை நொந்து என்ன பயன்?

தக்காளி என்ற சொல் நம் மொழியில் பழையது. இன்று நாம் குழம்பில் இடும் பழமோ புதியது. மணத்தக்காளி போன்ற நாட்டுச் செடிகளுக்கு வழங்கிய பெயரையே, கடல் கடந்து வந்த இப்பழத்துக்கும் நீட்டி, சீமைத்தக்காளி என்றனர் நம் முன்னோர். காலப்போக்கில் சீமை உதிர்ந்துவிட்டது. குணம் மட்டும் உதிரவில்லை.

ஆகவே அடுத்த முறை ஊராரின் சொற்படி நடந்தோம். குளத்தில் எடுத்த கரம்பை மண் நான்கு வண்டி வந்தது. ஆட்டுப் புழுக்கையும் மட்கிய சாணமும் சேர்த்து, மணலின் மேல் ஒரு முழ உயரத்துக்குப் பாத்திகள் அமைத்தோம். மேற்கே பனையோலைத் தட்டி நட்டோம். விதை பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1. தேனியை அடுத்த அன்னஞ்சியின் நாட்டு இரகத்திலிருந்து உருவாக்கப்பட்ட இதன் பழம் சற்றுத் தட்டையாக, தோளில் பசுமை படர்ந்து இருக்கும். வறட்சியைத் தாங்கும், ஒட்டு இரகம் அன்று, ஆதலால் பழத்திலிருந்து எடுக்கும் விதையும் தாயைப் போலவே முளைக்கும். இக்கடைசிச் செய்தியை நாம் அப்போது பெரிதாக எண்ணவில்லை.

நவம்பரில் விதைத்து, 25 நாள் நாற்றை டிசம்பர் நடுவில் நட்டோம். தைமாதப் பனியில் பூக்கள் நின்றன. காலை எட்டு மணிக்குப் பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டிவிட்டால் மகரந்தம் தானே உதிர்ந்து காய் பிடிக்கும் என்று ஆசிரியர் ஒருவர் சொல்ல, அதையும் தவறாமல் செய்தோம். சில காய்களின் அடிப்பகுதி கருத்துத் தோல்போல் சுருங்கியது. புழு என்று எண்ணிக் காயை அறுத்துப் பார்த்தோம், புழு இல்லை. ஒருநாள் நிறைய நீர், மறுநாள் மறதி என்ற நம் வழக்கமே காரணம்: நீர் ஒழுங்காகச் செல்லாதபோது சுண்ணாம்புச் சத்து காயின் நுனிவரை எட்டுவதில்லை. அடியில் சிறு துளையிட்டுத் திரியடைத்த மண்பானைகளைச் செடிகளுக்கிடையே புதைத்து, இரண்டு நாளுக்கொருமுறை நிரப்பினோம். அக்குறை நீங்கிற்று. பிப்ரவரி இறுதியில் பறித்த முதற்பழங்களை ஓர் ஓலைக் கொட்டானில் இட்டு மூதாட்டிக்கு அனுப்பினோம். அதில் நமக்குச் சிறிது பெருமையும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

மயில்களைப் பற்றியும் ஒரு சொல். 1963-ஆம் ஆண்டு தேசியப் பறவையாக உயர்த்தப்பட்ட நாளிலிருந்து அவை நம் தோட்டத்துக்கு வரி வாங்கும் உரிமை பெற்றுவிட்டன போலும். காய் சிவக்கும் நாளை நம்மைவிட நன்கு அறிந்திருந்தன. உவரியிலிருந்து ஒரு மீனவ அன்பர் கொணர்ந்து தந்த பழைய வலையைப் பந்தல்போல் விரித்த பின்னரே அவை பக்கத்துத் தோட்டங்களுக்குப் போயின.

வலையால் தடுக்க முடியாத ஒன்று மார்ச் மாதம் வந்தது. இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு, வெளிறி, செடி குட்டையாகி நின்றது. இலையைத் திருப்பினால் மாவு தூவியதுபோல் வெள்ளை ஈக்கள். நாம் பதறி நகரத்துக் கடை ஒன்றில் கேட்டு ஒரு மருந்துப் புட்டியை வாங்கி வந்து, அன்று மாலையே எல்லாச் செடிகளுக்கும் தெளித்தோம். மறுநாள் சனிக்கிழமை. பிள்ளைகள் வழக்கம்போல் கொல்லையில் விளையாடினர். மூதாட்டியின் பேத்தி, ஏழு வயதுச் சிறுமி, இரண்டு பழங்களைப் பறித்துத் தின்றிருக்கிறாள். உச்சிவேளைக்குள் அவளுக்கு வாந்தி கண்டது, கண்கள் சொருகின. நாமே வண்டியில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். ஓர் இரவு முழுதும் அவளைப் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் எழுந்து இட்லி கேட்டாள்.

தெளித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்பது புட்டியின் தாளில் அச்சிடப்பட்டிருந்தது. எழுத்து சிறிது, ஆயினும் நாம் கண்ணாடி அணிந்தவர்தாம், படித்திருக்கலாம். பிள்ளைகள் வருவார்கள் என்பதும் நமக்குத் தெரியும். இதைவிட வருத்தம் தருவது, தெளித்ததே வீண் என்று பின்னர் அறிந்ததுதான். இலைச்சுருள் நோயைத் தருவது ஒரு நச்சுயிரி. வெள்ளை ஈ அதைச் சுமந்து வரும் தூதன் மட்டுமே. இலை சுருண்ட பின் அச்செடிக்கு மருந்தில்லை. பிடுங்கிப் புதைப்பது ஒன்றே வழி. மூதாட்டி நம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் அச்சிறுமி நம் கொல்லைக்கு வரவில்லை. தாழ்வான அச்சுவருக்கு அப்பால் அவள் குரல் மட்டும் கேட்கும்.

அவ்வாண்டு ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைக் கடந்தது. அரசு நியாயவிலைக் கடைகளில் விற்கும் நிலை வந்தது. நம் கொல்லை அப்போது வெறுமையாகக் கிடந்தது.

நவம்பரில் மீண்டும் தொடங்கினோம். இம்முறை நாற்றங்காலையே கொசுவலை போன்ற நெருக்கமான நைலான் வலையால் மூடி, 25 நாளும் ஈ அண்டாமல் காத்தோம். பாத்தியைச் சுற்றி வேலியாக மக்காச்சோளம் விதைத்தோம். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி தக்காளியை விட்டு நாடி வருவதற்காகச் செண்டுமல்லியை முன்கூட்டியே வளர்த்தோம். மஞ்சள் அட்டைகளில் விளக்கெண்ணெய் பூசிக் கட்டினோம். வேப்பங்கொட்டைப் பருப்பை லிட்டருக்கு 50 கிராம் என்ற அளவில் இடித்து இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்தது தவிர வேறெதுவும் தெளிப்பதில்லை என்று முடிவு செய்தோம். நாற்று நட்டது டிசம்பர் 14.

டிசம்பர் 17-ஆம் நாள் மழை பிடித்தது. அன்றும் மறுநாளும் தென் மாவட்டங்களில் பெய்த மழையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர்; ஓராண்டு முழுதும் இப்பக்கம் பெய்வதைவிட மிகுதி. மணல் எவ்வளவு நீரையும் குடிக்கும் என்று நாம் எண்ணியிருந்தோம். தேரியும் குடித்தது; பின்னர் அடிவாரத்தில், நம் கொல்லைக்குள்ளேயே, பல நாள் ஊற்றாகக் கசியவிட்டது. கரம்பை கரைந்தோடிற்று. நாற்றுகள் வேரோடு சென்றன; வைத்திருந்த மீதி விதையும் அலமாரியின் அடித்தட்டில் நனைந்து முளைத்து அழுகிற்று. பல வீடுகளில் நெல்லும் ஆடும் போன நேரத்தில், தக்காளி நாற்றுக்காக வருந்துவதாக யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு மாலை, சிறுமி வாயிலில் நின்றாள். உள்ளே வரவில்லை. கையில் பழைய நாட்காட்டித் தாளில் மடித்த ஒரு பொட்டலம். பிரித்தால், சாம்பலில் புரட்டி உலர்த்திய தக்காளி விதை. முந்திய பிப்ரவரியில் நாம் அனுப்பிய கொட்டானிலிருந்து நல்ல பழம் இரண்டைப் பாட்டி விதைக்கென ஒதுக்கி, அடுப்புக்கு மேலே செருகி வைத்திருக்கிறார். வெள்ளத்தில் அவர் வீட்டுத் திண்ணை இடிந்தது. அடுப்படிக் கூரை நின்றது.

காலம் தாழ்ந்த விதைப்புதான். மார்ச் இறுதியிலேயே பூக்கள் உதிரத் தொடங்கின. செடிக்கு எட்டுப் பத்துக் காய்களே நின்றன. கடும் வெயிலில் பழுத்தவை சிவப்பேறாமல் மஞ்சளாகவே நின்றுவிட்டன. வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் சிவப்பு நிறமி நன்கு உருவாவதில்லை. சுவை குறையவில்லை. காலையும் மாலையும் இலையைத் திருப்பிப் பார்த்து, புழுவைக் கையாலேயே பொறுக்கினோம். சுருண்ட செடிகள் நான்கை அன்றன்றே பிடுங்கிப் புதைத்தோம்.

ஏப்ரலில் ஒருநாள் சுவருக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. ‘மருந்து அடிச்சிருக்கா, சாமி?’

‘இல்லை, அம்மா. வேப்பங்கொட்டை மட்டும். அதுவும் பத்து நாளாயிற்று.’

சிறிது நேரம் செடிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பாட்டியைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி இறங்கி ஓடினாள். நாம் பானைகளுக்கு நீர் ஊற்றி முடிப்பதற்குள், ஓலைக் கொட்டானோடு வந்தாள்.