நடுவரின் பையில் ஒரு நகவெட்டி

தம்பி, கபடி நடுவர் தேர்வில் பாஸாகிவிட்டாய், சந்தோஷம். திண்டிவனத்தில் வாங்கிய புது ஷூவைக் கொண்டுவந்து காட்டினாய், அதுவும் சந்தோஷம். விசில் எங்கே என்று கேட்டேன். "களத்துலயே தருவாங்க ஐயா" என்றாய். அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் ஒரு காலத்தில் அப்படிப் போனவன்தான். மயிலம் பக்கம் பொங்கல் கபடி. விழுப்புரத்தில் பஸ் ஏறி, பாதி வழியில் சட்டைப்பையைத் தடவினால் விசில் இல்லை. கண்டக்டர் பழக்கமானவர், தன்னிடமிருந்த இன்னொரு விசிலைக் கொடுத்தார். ஆடுகளமோ பஸ் ரோட்டை ஒட்டி. கடைசி ஐந்து நிமிஷம், ஒரு பையன் பாடிப் போகிறான். ரோட்டில் நின்ற பஸ்ஸைக் கிளப்ப அதன் கண்டக்டர் விசில் ஊதினார். என் விசிலும் அதே சத்தம்தானே! நான் ஊதினேன் என்று நினைத்துப் பையன் நின்றுவிட்டான். எதிரணி அப்படியே அமுக்கிவிட்டது. பிடி செல்லுமா, செல்லாதா? இரண்டு ஊரும் களத்துக்குள் இறங்கிவிட்டன. அன்று நான் கத்திய கத்தலில் மூன்று நாள் தொண்டை கட்டிக்கொண்டது. ஒருவர் காதிலும் அது ஏறவில்லை.

அதிலிருந்து இரண்டு விசில் வைத்திருக்கிறேன், இரண்டும் வேறு வேறு சத்தம். உள்ளே குண்டு உருளும் விசிலை பர்மிங்காமில் ஜோசப் ஹட்சன் 1884-ல் கொண்டுவந்தார். பரபரப்பில் பலமாக ஊதினால் குண்டு சிக்கிக்கொள்ளும். அப்படி அவதிப்பட்ட கனடா கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட், குண்டே இல்லாத விசிலை 1987-ல் சந்தைக்குக் கொண்டுவந்தார். அவரும் நம்மைப் போலப் பட்டுத் தெரிந்துகொண்டவர்தான்.

உடுப்பு விஷயத்துக்கு வருகிறேன். நான் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட்டில் பழகியவன். ஆனால் நம் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டவரெல்லாம் தலைவர்கள், அத்தனை பேரும் எல்லைக்கோட்டிலேயே நிற்பார்கள்! ஒருமுறை அவுட்டான பையன் என்னிடம் முறையிடுவதாக நினைத்து, மாலைக்காகக் காத்திருந்த ஒரு பிரமுகரிடம் போய் நியாயம் கேட்டான். அமெரிக்காவிலும் இதே கூத்து நடந்திருக்கிறது. 1920-ல் லாயிட் ஓல்ட்ஸ் என்ற நடுவர் வெள்ளைச் சட்டையில் நிற்க, வெள்ளை உடுப்பு அணியின் வீரர் பந்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாராம். பிறகு அவர் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை தைத்துக்கொண்டார். ஆகவே முதல் நாளே இரண்டு அணியின் பனியன் நிறத்தையும் விசாரி. கட்சிக்கொடி நிறமும், ரசிகர் மன்ற நிறமும் வேண்டவே வேண்டாம்.

பையில் 30 மீட்டர் டேப் இருக்கட்டும். ஆண்கள் களம் 13-க்கு 10 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து பால்க் லைன் 3.75 மீட்டர், அதற்கு ஒரு மீட்டர் தள்ளி போனஸ் லைன். கோட்டைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று எவனாவது குதித்தால், பேசாமல் குனிந்து அள. கூட்டம் தானாக அடங்கும். ஒருமுறை பாடிப் போக 30 விநாடி. அதைச் செல்போனில் பார்க்காதே, நடுவில் மாமியார் கூப்பிடுவார். பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளை வேறு வேறு பாக்கெட்டில் வை. மஞ்சள் என்றால் இரண்டு நிமிஷம் வெளியே. எச்சரிக்கப் பச்சையைத் தேடிய கையில் சிவப்பு வந்துவிட்டால் அப்புறம் நீ என்ன விளக்கினாலும் எடுபடாது.

என் பையில் நகவெட்டி எதற்கு என்று சிரித்தாயே? நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், உடம்பில் எண்ணெய் தடவக் கூடாது என்பது விதி. நகம் வளர்த்த பையனைத் திட்டித் திருப்பி அனுப்பினால் அவன் அம்மாவரைக்கும் சண்டைக்கு வருவார்கள். நகவெட்டியை நீட்டு, இரண்டு நிமிஷத்தில் வேலை முடியும். ஒரு பழைய துண்டும் வைத்துக்கொள், எண்ணெயைத் துடைக்க.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போகக் காலை ஏழு மணிக்கு விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு. பஸ் ஏறுவதற்கு முன்னால் உன் பையைத் திறந்து பார்ப்பேன்.