தென்மராட்சியின் தலைவாயில்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து கண்டி வீதி வழியே ஏறத்தாழப் 16 கிலோமீற்றர் சென்றாற் சாவகச்சேரியை அடையலாம். வலிகாமத்துச் செம்மண்ணை இங்கே காண்பதரிது. மணற்பாங்கான நிலம், அதிலே தென்னையும் மாவும் பலாவும் செறிந்து நிற்கின்றன. நகரசபை என்னும் பெயர் சற்றுப் பெரிதுதான். கடைவீதியை விட்டு ஓர் ஒழுங்கையினுட் சிறிது தூரம் நடந்தவர்க்கு வேலியும் கிணறும் பலாநிழலுமன்றி நகரத்தின் அடையாளம் வேறொன்றும் தோன்றாது.

இவ்வூரவர் காலையிற் பட்டினஞ் சென்று மாலையில் மீளும் வழக்கம் புகையிரதத்தோடு வேரூன்றியது. 1902ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் காங்கேசன்துறையிலிருந்து தொடங்கிய முதற் பாதை வந்து முடிந்த இடம் சாவகச்சேரியே. கொழும்போடு தொடர்பு கிடைத்தது 1905இலேதான். இலிகிதரும் ஆசிரியரும் மாணவரும் வண்டியேறிப் பட்டினத்துக்குப் போவர். ஆயினும் வளவை விட்டுக் குடிபெயர எண்ணார். சம்பளத்தை நம்பிய குடும்பமும் மாங்காய்ப் பருவத்தில் வியாபாரியோடு விலைபேசத் தவறுவதில்லை. தென்மராட்சிப் பலாப்பழத்தின் பெருமையை இவர்களிடம் கேட்கப் புகுந்தால் அடுத்த பஸ்ஸையும் தவறவிட நேரும்!

1990இல் புகையிரதம் நின்றது. எரிபொருள் அருகிய அக்காலத்தில் துவிச்சக்கர வண்டியே பலர்க்குத் துணையாயிற்று. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து பெருவெள்ளமெனக் கிழக்கே வந்தபோது, நாள்தோறும் பட்டினத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் பட்டினத்தையே தன் வீடுகளிலும் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் ஏற்க வேண்டியதாயிற்று. ஐந்தாண்டு கழியுமுன் அவ்வீடுகளுக்கே கேடு வந்தது. 2000ஆம் ஆண்டுப் போரிற் கடைவீதி இடிந்து தரைமட்டமாயிற்று. தலையிழந்த தென்னைகளும் பனைகளும் நெடுங்காலம் நின்றன. கட்டடத்தைக் காசு கொண்டு எழுப்பலாம். பலாமரத்துக்கு ஆண்டுகள் வேண்டும். மீண்டவர்கள் வீட்டுக்கு அத்திவாரமிடும்போதே கன்றும் நட்டமை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

2014ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் புகையிரதம் மறுபடியும் யாழ்ப்பாணத்தை எட்டியது. எனினும் இன்று நாளாந்தப் பயணிகளிற் பெரும்பாலோர் நாடுவது பஸ்ஸையும் மோட்டார்ச் சைக்கிளையுமே. கவலைக்குரியது வேறொன்றுண்டு. அன்றாடம் சென்று மீளும் பிள்ளைகளிற் சிலர் கொழும்புக்கும், பின்னர் கடல் கடந்தும் போய்விடுகின்றனர். அவர்கள் மாலையில் மீள்வதில்லை. பூட்டிய வீட்டு வளவிலும் பலா காய்க்கத்தான் செய்கிறது. அதனைப் பறித்து விற்றுக் கணக்கொப்புவிப்பவர் பெரும்பாலும் அயல்வீட்டு முதியவர்.

மாலையானதும் பஸ் நிலையம் மீண்டும் நிறைகிறது. இறங்குவோர் நேரே வீடு செல்வதில்லை. சந்தைப் பக்கம் ஒருமுறை சென்று, கீரைப்பிடியொன்றைக் கையிலெடுத்து, யார் வீட்டுக் கிணற்றில் நீர் உவர்த்துவிட்டதென்று விசாரித்த பின்னரே ஒழுங்கைக்குள் திரும்புகின்றனர்.